நாங்கள் அனுப்பாத 38 ஆயிரம் மெயில்கள்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. மொத்தம் 22 மெயில் பெட்டிகள். விபிஎஸ் எனப்படும் வாடகை சர்வர் ஒன்றில் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பவும் வாங்கவும்), டவ்காட் (பெட்டிகளையும் லாகினையும் கவனிக்க), ரவுண்ட்கியூப் (பிரவுசரில் மெயில் படிக்க) போட்டு நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை முதல் ஜிமெயிலுக்குப் போகும் மெயிலெல்லாம் திரும்பி வருகிறது. கியூவில் (அனுப்பக் காத்திருக்கும் வரிசையில்) 38,000-க்கு மேல் மெயில்கள் நிற்கின்றன. நாங்கள் அனுப்பியவை அல்ல. அக்கவுண்ட்ஸ் பெட்டியில் ‘டெலிவரி ஆகவில்லை’ என்ற அறிவிப்புகள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. சர்வரை வாடகைக்குத் தந்தவர்கள் 24 மணி நேரத்தில் சரிசெய்யாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்கிறார்கள். சர்வரின் ஐபி முகவரியை மாற்றிவிடலாமா? எங்களுக்கு வரும் குப்பை மெயிலும் நாளுக்கு நூற்றுக்கணக்கில் இருக்கிறது. பேசாமல் எல்லாவற்றையும் கூகுளுக்கு மாற்றிவிடு என்கிறார் முதலாளி. சர்வரில் நடப்பதைப் பதிவுசெய்யும் லாகிலிருந்து சில வரிகளையும், எங்கள் அமைப்பு விவரங்களையும் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

ஐபியை மாற்றாதீர்கள். பதற்றத்தில் பலரும் முதலில் கைவைப்பது அதில்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டையை அப்படியே விட்டு ஐபியை மட்டும் மாற்றினால், புது ஐபியும் சில மணி நேரத்தில், குப்பை மெயில் அனுப்பும் சர்வர்களின் கரும்பட்டியலில் ஏறும். முன்பின் தெரியாத ஐபியிலிருந்து வரும் மெயிலை ஜிமெயில் போன்ற பெரிய சேவைகள் எடுத்த எடுப்பில் சந்தேகத்தோடுதான் பார்க்கும். இத்தனை நாள் ஒழுங்காக மெயில் அனுப்பிச் சேர்த்த நற்பெயர் இப்போதைய ஐபியில்தான் இருக்கிறது. கறை பட்டிருந்தாலும் அதை மீட்க முடியும்.

என்ன நடந்தது என்பது நீங்கள் அனுப்பிய லாக் வரிகளிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு கியூ எண், அதன்பின் ‘கிளையன்ட்=அன்நோன்’ என்று ஒரு ஐபி, பிறகு ‘சாசல்_மெத்தட்=லாகின்’ (சாசல் என்பது லாகினைச் சரிபார்க்கும் முறை), கடைசியில் ‘சாசல்_யூசர்நேம்’ என்ற இடத்தில் உங்கள் அக்கவுண்ட்ஸ் பெட்டியின் பெயர். அடுத்தடுத்த ஆறு வரிகளில் ஆறு வெவ்வேறு ஐபி. சர்வரை யாரும் உடைக்கவில்லை. அக்கவுண்ட்ஸ் பெட்டியின் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்து, பல ஊர்களில் இருக்கும் கைப்பற்றப்பட்ட கணினிகள் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள். பாஸ்வேர்ட் சரியாக இருந்ததால் சர்வரும் அனுப்பிக்கொடுத்திருக்கிறது.

இப்போதே செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். இங்கே வரிசைதான் முக்கியம்.

முதலில் வெளியே போவதை நிறுத்துங்கள். உள்ளே வருவதை நிறுத்தவேண்டாம், பையர்களின், அதாவது உங்களிடம் வாங்குவோரின், மெயில் வந்துகொண்டே இருக்கட்டும். போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் கோப்பில் ‘டிஃபர்_டிரான்ஸ்போர்ட்ஸ்’ என்ற அமைப்புக்கு ‘எஸ்எம்டிபி’ என்று மதிப்புக் கொடுத்து ரீலோட் செய்தால், வெளியூருக்குப் போகவேண்டியவை கியூவிலேயே தங்கிவிடும். டவ்காட்டுக்கு எல்எம்டிபி என்ற உள்வழியில் போகும் உள்டெலிவரி பாதிக்கப்படாது. அடுத்து ‘போஸ்ட்சூப்பர்’ கட்டளையை ‘-எச் ஆல்’ என்று கொடுத்து (எச் சிறிய எழுத்தில், ஆல் பெரிய எழுத்தில்) கியூவில் இருப்பவை அனைத்தையும் ஹோல்டில் போடுங்கள். இதே கட்டளையில் ‘-எச்’ இருக்கும் இடத்தில் ‘-டி’ போட்டால் 38,000-மும் ஒரே நொடியில் அழிந்துவிடும். அதைச் செய்துவிடாதீர்கள். ஆர்டர்களைக் கவனிக்கும் உங்கள் மெர்ச்சண்டைசர்கள் செவ்வாய் முதல் அனுப்பிய உண்மையான மெயில்களும் அந்தக் குவியலுக்குள்தான் இருக்கின்றன.

அடுத்தது அக்கவுண்ட்ஸ் பெட்டியின் பாஸ்வேர்ட். அதை அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கும் கணினியில் உட்கார்ந்து மாற்றவேண்டாம். பாஸ்வேர்ட் எப்படிப் போனது என்று இன்னும் தெரியவில்லை. அந்தக் கணினியில் பாஸ்வேர்டைத் திருடும் மால்வேர் இருந்தால், நீங்கள் அடிக்கும் புதிய பாஸ்வேர்டும் அடுத்த நிமிடமே போய்ச் சேரும். வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றுங்கள்.

மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துப் பலர் ஏமாறுகிறார்கள். ஏற்கெனவே லாகின் ஆகி நிற்கும் இணைப்பை புது பாஸ்வேர்ட் ஒன்றும் செய்யாது. டவ்காட்டில் ஆத் கேஷ் (லாகின் விவரத்தைச் சிறிது நேரம் நினைவில் வைப்பது) இயக்கத்தில் இருந்தால் பழைய பாஸ்வேர்டே சிறிது நேரம் செல்லுபடியாகவும் கூடும். எனவே போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டையும் முழுதாக நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். ரீலோட் போதாது. பிறகு பத்து நிமிடம் லாகைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அக்கவுண்ட்ஸ் பெயரில் ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்று வரிசையாக விழுந்தால் கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று பொருள். அவர்கள் இன்னும் பல நாள் தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள்.

இந்த நிலையில் வாடகைக்குத் தந்தவர்களுக்குப் பதில் போடுங்கள். காரணம் என்ன, எத்தனை மணிக்கு நிறுத்தினோம், மீண்டும் நடக்காமலிருக்க என்ன செய்கிறோம் என்ற மூன்றையும் நாலு வரியில் எழுதினால் போதும். அவர்களுக்கு விளக்கம் வேண்டாம், நிறுத்தியாகிவிட்டது என்ற உறுதிதான் வேண்டும். 24 மணி நேரம் முடியும்வரை காத்திருக்காமல் இப்போதே அனுப்பிவிடுங்கள்.

கியூவைச் சுத்தம் செய்வது பொறுமையான வேலை. ‘மெயில்க்யூ’ பட்டியலில் முதல் பத்தி கியூ எண், 7-ஆம் பத்தி அனுப்புநர் முகவரி. அனுப்புநரை வைத்து வடிகட்டினால் எல்லாமே அகப்படாது. உள்ளே வந்தவர்கள் அக்கவுண்ட்ஸாக லாகின் செய்துவிட்டு, அனுப்புநர் இடத்தில் வேறு முகவரிகளையும் போட்டிருக்கலாம். அதனால் லாகிலிருந்து தொடங்குங்கள். சாசல் யூசர்நேம் அக்கவுண்ட்ஸ் என்றிருக்கும் வரிகளை எடுத்து, அவற்றில் உங்கள் ஆபீஸ் ஐபியிலிருந்து வந்தவற்றைக் கழியுங்கள். மீதி வரிகளில் உள்ள கியூ எண்களை ஒரு கோப்பில் சேர்த்து அதை ‘போஸ்ட்சூப்பர் -டி -’ கட்டளைக்குக் கொடுங்கள். கடைசியில் இருக்கும் தனிக் கோடு, எண்களை ஸ்டாண்டர்ட் இன்புட் எனப்படும் உள்ளீட்டிலிருந்து படிக்கச் சொல்கிறது.

அடுத்து, அனுப்புநர் ‘மெயிலர்-டீமன்’ என்றிருக்கும் திரும்பு அறிவிப்புகள். இவற்றை மெயில்க்யூ பட்டியலிலிருந்தே எடுக்கலாம். இங்கே எல்லோரும் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. ஹோல்டில் இருக்கும் மெயிலின் எண்ணை ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி நிற்கும். அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கும் மெயிலுக்கு ஒரு நட்சத்திரம். இந்தக் குறிகளை ‘டிஆர்’ கட்டளையால் உதிர்த்துவிட்டுத்தான் எண்களைக் கொடுக்கவேண்டும். இல்லையென்றால் எதையும் அழிக்காமல் நிற்கும்.

எஞ்சுவது சில நூறு மெயில்கள்தான் இருக்கும். அவற்றில் நாலைந்தை ‘போஸ்ட்கேட் -க்யூ’ கட்டளையில் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவையுங்கள். இப்போது அவிழ்த்துவிடவேண்டாம். கரும்பட்டியலில் இருக்கும் ஐபியிலிருந்து அனுப்பினால் அவையும் திரும்பும்.

இதற்கு நடுவே இன்னொன்றைப் பார்த்தே ஆகவேண்டும். குப்பை மெயிலைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். உள்ளே வந்தவர்கள் அனுப்பியது மட்டுமில்லை, படித்தும் இருக்கலாம். அக்கவுண்ட்ஸ் பெட்டியில் புரொஃபார்மா இன்வாய்ஸ் இருக்கும், பையர் பெயர், எவ்வளவு பணம் எந்தத் தேதியில் வரவேண்டும், எந்த வங்கிக் கணக்கு என்று எல்லாமே இருக்கும். ஏற்றுமதியாளர்களிடம் இதை வைத்துச் செய்யும் மோசடி ஒரே மாதிரிதான். பணம் வரவேண்டிய நேரம் பார்த்து, ‘எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று பையருக்கு ஒரு மெயில் போகும். சில சமயம் உங்கள் பெட்டியிலிருந்தே போகும். சில சமயம் ஓர் எழுத்து மட்டும் மாறிய போலி டொமைனிலிருந்து போகும்.

22 பெட்டிகளிலும் சீவ் ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதிகள்) கோப்புகளைத் திறந்து ‘ரீடைரக்ட்’ என்ற சொல்லைத் தேடுங்கள். வெளி முகவரிக்கு நகல் அனுப்பும் ஒரு வரியைச் செருகிவிட்டுப் போயிருந்தால், நீங்கள் எத்தனை முறை பாஸ்வேர்ட் மாற்றினாலும் மெயில் அங்கே போய்க்கொண்டேதான் இருக்கும். ‘இன்வாய்ஸ்’, ‘பேமெண்ட்’ என்ற சொல் வந்தால் குப்பைப் பெட்டிக்குத் தள்ளிப் படித்ததாகக் குறிக்கும் ஃபில்டரும் இருக்கலாம். ரவுண்ட்கியூப்பில் ஐடென்டிட்டி பகுதிக்குப் போய் ‘ரிப்ளை-டு’ முகவரி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் நிலுவையில் உள்ள ஒவ்வொரு பையரையும் இன்றே தொலைபேசியில் அழைத்து, வங்கிக் கணக்கு மாறவில்லை என்று சொல்லச் சொல்லுங்கள். மெயிலில் இருக்கும் எண்ணை நம்பாமல் பழைய ஆர்டர் ஃபைலில் இருக்கும் எண்ணில் அழைக்கட்டும். ஏற்கெனவே பணம் தவறான கணக்குக்குப் போயிருந்தால், பையர் தன் வங்கியிடம் உடனே திரும்பப்பெறும் கோரிக்கை வைக்கவேண்டும். உங்கள் பக்கத்தில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

சட்டப்படியான கடமை ஒன்றும் இருக்கிறது. கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசின் சர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி, இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும். லாகுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாமல் இன்றே தெரிவியுங்கள். உங்கள் சர்வர் டெபியனோ உபுண்டுவோ என்றால், மெயில் லாக் வாரம் ஒருமுறை சுழன்று பழைய 4 கோப்புகள் மட்டுமே தங்கும் என்பதுதான் வழக்கமான அமைப்பு. லாக்ரொட்டேட் கோப்பில் அந்த 4-ஐ 26 ஆக்குங்கள். 182 நாள் வரும். அதற்கு முன் இப்போதுள்ள லாக்குகள் முழுவதையும் வேறொரு கணினிக்கு நகல் எடுத்துவிடுங்கள். செவ்வாய்க்கிழமையின் சாட்சி அதில்தான் இருக்கிறது.

உங்கள் விஷயத்தில் ஓட்டை பாஸ்வேர்ட்தான் என்பது தெளிவு. ஆனாலும் மற்ற இரண்டு வழிகளும் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஒன்று, வலைதளத்தின் தொடர்புப் படிவம். லாகில் ‘பிக்கப்’ என்ற வரியில் ‘யூஐடி=33’ என்று வந்தால், டெபியன் வகைச் சர்வர்களில் அது வெப்சர்வரின் எண்; மெயிலை அனுப்பியது பிஎச்பி நிரல் என்று பொருள். மெயில் தலைப்பில் ‘எக்ஸ்-பிஎச்பி-ஒரிஜினேட்டிங்-ஸ்கிரிப்ட்’ என்ற வரி இருந்தால் கோப்பின் பெயரையே சொல்லிவிடும்.

மற்றொன்று ஓப்பன் ரிலே. யார் வந்து கேட்டாலும் யாருக்கும் அனுப்பிக்கொடுக்கும் சர்வர். ஒரு காலத்தில் இதுதான் இணையத்தின் இயல்பாக இருந்தது. 1998-இல் வந்த சென்ட்மெயில் 8.9-தான் ரிலேயை இயல்பாகவே மூடி வைத்தது. இன்று போஸ்ட்ஃபிக்ஸை நிறுவியபடியே விட்டிருந்தால் இந்தப் பிரச்சினை வராது. ஆனால் டாக்கருக்குள் (நிரலைத் தனி உறைக்குள் அடைத்து ஓட்டும் முறை) ஓட்டும்போது வருகிறது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளெல்லாம் 172.17.0.1 போன்ற உள்முகவரியிலிருந்து வருவதாக போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியும் அமைப்பில், அந்த வரம்பை ‘மைநெட்வொர்க்ஸ்’ என்ற நம்பகமான முகவரிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டால் உலகமே உள்ளூர் ஆகிவிடும். அந்தப் பட்டியலில் சர்வர் தன்னையே குறிக்கும் 127.0.0.0/8-ம் அதன் ஐபிவி6 இணையும் தவிர வேறெதுவும் வேண்டாம். வெளியிலிருந்து சோதித்தால் ‘ரிலே ஆக்சஸ் டினைட்’ என்ற பதில் வரவேண்டும்.

இனி கதவுக்குப் பூட்டு. 25-ஆம் போர்ட் மற்ற சர்வர்கள் உங்களுக்கு மெயில் கொண்டுவந்து போடும் வாசல். அங்கே லாகின் தேவையே இல்லை. மெயின் கோப்பில் சாசல் ஆதென்டிகேஷனை ‘நோ’ என்று வைத்து, மாஸ்டர் கோப்பில், உங்கள் ஆட்கள் மெயில் அனுப்பும் போர்ட்களான 587, 465 ஆகிய இரண்டுக்கும் மட்டும் ‘யெஸ்’ கொடுங்கள். பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் கூட்டம் 25-இலும் தட்டுகிறது. இதைச் செய்த மறுநாள் காலையில் ‘ஸ்கேன் செய்தால் மெயில் போகவில்லை’ என்று யாராவது வருவார்கள். ஜெராக்ஸ் மெஷின் 25-ஐப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். அதற்குத் தனிப் பெட்டி ஒன்று திறந்து 587-க்கு மாற்றுங்கள்.

பாஸ்வேர்டைப் பொறுத்தவரை, கம்பெனி பெயரோடு 123 சேர்த்ததைத்தான் பாதிப் பெட்டிகளுக்கு வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். 22-ஐயும் மாற்றுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து 16 எழுத்துக்குக் குறையாமல் நீங்களே கொடுத்துவிடுங்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பழையபடி 123 வந்து உட்காரும். ஃபெயில்2பேன் போட்டிருக்கிறேனே என்று கேட்டிருந்தீர்கள். அதன் இயல்பான அமைப்பு, ஒரே ஐபி 10 நிமிடத்தில் 5 முறை தவறினால் 10 நிமிடம் தடுப்பது. இப்போது வருபவர்கள் ஆயிரக்கணக்கான ஐபிகளை வைத்துக்கொண்டு ஓர் ஐபியிலிருந்து மணிக்கு ஒருமுறைதான் முயல்கிறார்கள். அது இருக்கட்டும், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். ரவுண்ட்கியூப்புக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்புப் போட்டாலும் அது வெப்மெயிலை மட்டும்தான் காக்கும். மெயில் படிக்கும் ஐமேப்பும் அனுப்பும் 587-ம் பாஸ்வேர்ட் ஒன்றோடு திறந்தே இருக்கும்.

அடுத்து, யார் பெயரில் யார் அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு. ‘ரிஜெக்ட்_சென்டர்_லாகின்_மிஸ்மேட்ச்’ என்பதை அனுப்புநர் கட்டுப்பாடுகளில் சேர்த்தால், அக்கவுண்ட்ஸாக லாகின் செய்தவர் மேனேஜர் முகவரியில் அனுப்ப முடியாது. அந்தப் பட்டியலில் சாசல் பயனருக்கு அனுமதி தரும் வரிக்கு முன்னால் இது இருக்கவேண்டும். பின்னால் வைத்தால், அனுமதி கிடைத்தவுடன் சரிபார்ப்பு நின்றுவிடும். இந்த வரியை யாரும் எட்டவே மாட்டார்கள்.

இருப்பதிலேயே முக்கியமானது, பெட்டிக்கு இத்தனை மெயில் என்ற வரம்பு. போஸ்ட்ஃபிக்ஸில் ‘கிளையன்ட் மெசேஜ் ரேட் லிமிட்’ இருக்கிறதே என்று தோன்றும். அது ஐபிக்கு ஐபி எண்ணுவது. இயல்பில் வரம்பே இல்லாமல் 0 என்று இருக்கும். ஆறு வரிக்கு ஆறு ஐபி என்று வந்தவர்களை அது எப்படிப் பிடிக்கும்? எண்ணவேண்டியது லாகின் பெயரை. ஸ்பேமை வடிகட்டும் ஆர்ஸ்பேம்டியின் ரேட்லிமிட் பகுதியில் பயனர் அடிப்படையில் மணிக்கு 100 பெறுநர் என்று வையுங்கள். உங்கள் மெர்ச்சண்டைசர் ஒருவர் பரபரப்பான நாளில்கூட அதைத் தொடமாட்டார். ஒரே மெயிலில் பெறுநர் வரம்பு இயல்பாக 1000 என்றிருக்கும், அதை 50 ஆக்குங்கள். இந்த இரண்டும் செவ்வாய்க்கிழமை இருந்திருந்தால் 38,000 குவிந்திருக்காது, மணிக்கு நூறோடு நின்றிருக்கும். பாஸ்வேர்ட் என்றாவது ஒருநாள் மறுபடியும் போகும் என்று வைத்துக்கொண்டே அமைக்கவேண்டும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை கியூவை எண்ணி, 200-ஐத் தாண்டினால் உங்கள் மொபைலுக்குச் செய்தி அனுப்பும் சிறு நிரலையும் கிரானில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டும் வசதி) போடுங்கள்.

இதெல்லாம் முடிந்து ஒரு முழு நாள் அமைதியாகப் போன பிறகு கரும்பட்டியலுக்கு வாருங்கள். கரும்பட்டியல்களைப் பராமரிக்கும் ஸ்பேம்ஹாஸின் தளத்தில் ஐபியைக் கொடுத்தால் எந்தப் பட்டியலில், ஏன் என்று சொல்லும். எக்ஸ்பிஎல், சிஎஸ்எஸ் ஆகிய பட்டியல்களிலிருந்து நீங்களே கட்டணமில்லாமல் நீக்கக் கோரலாம். ஓட்டை இருக்கும்போதே நீக்கக் கோரி, மறுபடி ஏறி, மறுபடி கோரினால் அடுத்தடுத்த முறை கடினமாகிக்கொண்டே போகும். பணம் கட்டினால் உடனே நீக்குகிறோம் என்னும் பட்டியல்களுக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். பெரிய சேவைகள் அவற்றைப் பார்த்து முடிவு செய்வதில்லை. ஜிமெயிலில் கேட்டு நீக்கிக்கொள்ளும் பட்டியல் என்று எதுவும் இல்லை. ஒழுங்காக நடந்தால் சில நாளில் தானாகத் தளரும். நிறுத்திவைத்ததைத் திறக்கும்போது மெதுவாகத் திறங்கள். ஹோல்டில் எஞ்சிய மெயில்களில் இரண்டு நாளுக்கு மேல் பழையவற்றை அனுப்பியவர்களிடமே பட்டியலாகக் கொடுத்து, வேண்டுமானால் புதிதாக எழுதச் சொல்லுங்கள். ஐந்து நாள் பழைய விலைப்பட்டியல் தாமதமாகப் போய்ச் சேர்வதால் வரும் குழப்பம் தனி.

உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், மெயிலில் கையொப்பம் போடும் டிகிம், இவற்றில் தேறாததை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் மூன்றும் உங்களிடம் அரைகுறையாக இருக்கின்றன. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் இவற்றைக் கண்டிப்பாக்கிவிட்டன. ஜிமெயிலுக்கு நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும். உங்களைப் போன்ற சிறியவர்களுக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகிம் ஒன்றாவது இருக்கவேண்டும். ஐபிக்குரிய பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவும் வேண்டும். மூன்றையுமே போட்டுவிடுங்கள். உங்கள் டொமைனில் இப்போது எஸ்பிஎஃப் பதிவு இரண்டு இருக்கிறது. இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது, ஒன்றாக இணையுங்கள். ‘இன்க்ளூட்’ போன்றவை சேர்ந்து டிஎன்எஸ் (டொமைன் பெயர்களுக்கான முகவரி ஏடு) தேடல் 10-ஐத் தாண்டினாலும் செல்லாது. டிகிம் சாவி 2048 பிட்டாக இருக்கட்டும். டிஎன்எஸ்ஸின் டிஎக்ஸ்டி பதிவில் ஒரு சரத்துக்கு 255 எழுத்துதான் வரம்பு என்பதால் அதை இரண்டு மேற்கோள்களாகப் பிரித்து இடவேண்டும். ஒட்டும்போது நடுவில் ஓர் எழுத்து விடுபட்டாலும் கையொப்பம் தேறாது. டிமார்க்கை ‘நன்’ கொள்கையில் தொடங்கி, அறிக்கைகள் வரும் முகவரியும் கொடுத்து, மூன்று நான்கு வாரம் பாருங்கள். பில் அனுப்பும் மென்பொருள், வலைதளப் படிவம் என்று நீங்கள் மறந்துபோன அனுப்புநர்கள் அறிக்கையில் தலைகாட்டுவார்கள். அவர்களைச் சரிசெய்த பிறகு ‘குவாரன்டைன்’, பிறகு ‘ரிஜெக்ட்’.

சர்வருக்கு ஐபிவி6 முகவரி இருந்து அதற்குப் பிடிஆர் இல்லையென்றால் ஜிமெயில் திருப்பிவிடும். பிடிஆர் போடமுடியாவிட்டால் ஐபிவி4-இல் மட்டும் அனுப்ப வையுங்கள்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் மற்றவர்கள் உங்கள் பெயரில் பொய்க் கடிதம் எழுதுவதைத் தடுக்கும். இப்போது நடந்ததை இவை தடுத்திருக்காது. திருடிய பாஸ்வேர்டோடு உங்கள் சர்வர் வழியாகப் போன ஒவ்வொரு குப்பை மெயிலிலும் உங்கள் சர்வரே டிகிம் கையொப்பம் போட்டு அனுப்பியிருக்கும். அதனால்தான் வரம்பு வைப்பதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

உங்களுக்கு வரும் குப்பையைப் பொறுத்தவரை, உங்கள் அமைப்பில் ஒரு மறைந்த ஆபத்து இருக்கிறது. சர்வரின் டிஎன்எஸ் 8.8.8.8 என்று அனுப்பியிருக்கிறீர்கள். இப்படிப் பலருக்கும் பொதுவான ரிசால்வர் (டிஎன்எஸ்ஸில் தேடித் தரும் சர்வர்) வழியாகக் கேட்டால் ஸ்பேம்ஹாஸ் உண்மையான பதிலைத் தராது, 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் தரும். ஏதாவது பதில் வந்தாலே பட்டியலில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தால் பையர்களின் மெயில் உட்பட எல்லாம் மறுக்கப்படும். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற ரிசால்வரை நிறுவி, யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாமல் அதுவே தேடும்படி வையுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதிலை மட்டும் பொருட்படுத்தச் சொல்லுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸின் வாசல்காவலான போஸ்ட்ஸ்கிரீனை இயக்குங்கள். மெயில் உரையாடலில் முதலில் பேசவேண்டியது பெறும் சர்வர். அது 220 என்று வரவேற்ற பிறகுதான் அனுப்புபவர் வாய் திறக்கவேண்டும். போஸ்ட்ஸ்கிரீன் ‘220’-க்குப் பின் ஒரு கோடு போட்டுப் பாதி வரவேற்பை மட்டும் சொல்லிவிட்டு 6 நொடி காத்திருக்கும். முறையான சர்வர் பொறுத்திருக்கும். அவசரத்தில் ஓடும் ஸ்பேம் நிரல் குறுக்கே பேசிவிடும். லாகில் ‘ப்ரீகிரீட்’ என்று விழும் வரிகளைப் பாருங்கள், எவ்வளவு குப்பை வாசலிலேயே கழிகிறது என்று தெரியும். அதிலுள்ள ஆழமான சோதனைகளை இயக்கவேண்டாம். புதிய சர்வர்கள் எல்லாமே ஒருமுறை திரும்பிப் போய் வரவேண்டியிருக்கும், ஓடிபி மெயில் காலம் கடந்து வரும்.

உள்ளே ஆர்ஸ்பேம்டி. அதன் இயல்பான மதிப்பெண்கள் 4-இல் கிரேலிஸ்ட் (சிறிது நேரம் கழித்து வரச் சொல்வது), 6-இல் ஸ்பேம் குறி, 15-இல் மறுப்பு. இவற்றை அப்படியே விட்டு ஒரு மாதம் பாருங்கள். பார்த்துக் கற்றுப் பிரிக்கும் பேயஸ் பகுதி, நல்லது 200, கெட்டது 200 என்று கற்ற பிறகே பேச ஆரம்பிக்கும். ஆட்கள் மெயிலை ஜங்க் ஃபோல்டருக்கு இழுத்தால் தானாகக் கற்கும்படி டவ்காட்டோடு இணைத்துவிடுங்கள். பையர்கள் டெக் பேக்கை (ஆடையின் விவரக் கோப்புகளை) ஜிப்பில்தான் அனுப்புவார்கள், அதனால் ஜிப்பை மொத்தமாகத் தடுக்கவேண்டாம். அதற்குள் இயங்கும் கோப்புகள் இருந்தால் தடுங்கள். ஐஎஸ்ஓ, ஐஎம்ஜி இணைப்புகளுக்கு உங்கள் தொழிலில் வேலையில்லை.

இல்லாத முகவரிக்கு வரும் மெயிலை வாங்கிவைத்துப் பிறகு திருப்பி அனுப்பும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பொய்யானது. நீங்கள் திருப்பி அனுப்பும் அறிவிப்பு சம்பந்தமில்லாத யாரோ ஒருவரின் பெட்டியில் போய் விழும். இந்த வாரம் அக்கவுண்ட்ஸ் பெட்டி பட்டபாட்டை நீங்களே பார்த்தீர்கள். மறுப்பதானால் வாசலிலேயே மறுக்கவேண்டும். எல்லா முகவரியையும் ஏற்கும் கேட்ச்-ஆல் பெட்டியையும், யாரோ எப்போதோ வைத்த பேக்கப் எம்எக்ஸையும் (மெயிலை வாங்கும் மாற்றுச் சர்வர்) எடுத்துவிடுங்கள். காவல் குறைவாக இருக்கும் என்று தெரிந்தே ஸ்பேம் அனுப்புவோர் பேக்கப்பைத்தான் முதலில் நாடுவார்கள்.

முதலாளி சொல்வதற்கு வருகிறேன். தினமும் கால் மணி நேரம் லாகைப் பார்க்க உங்களால் முடியும் என்றால் 22 பெட்டிகளுக்குச் சொந்தச் சர்வர் நன்றாகவே ஓடும். நெட்வொர்க், பிரிண்டர், சிசிடிவி என்று எல்லாமே உங்கள் தலையில் இருந்து, அந்தக் கால் மணி நேரம் கிடைக்காது என்றால் கூகுளுக்கோ வேறு நிர்வகிக்கப்படும் சேவைக்கோ மாற்றுவதே நேர்மையான வழி. அதில் உங்களுக்கு எந்தக் குறைவும் இல்லை. அங்கேயும் பாஸ்வேர்டும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இதே அளவு முக்கியம். ரீடைரக்ட் ஃபில்டர் மோசடி அங்கேயும் நடக்கும்.

மாற்றுவதானால் முதல்நாளே, மெயில் எந்தச் சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவின் டிடிஎல்லை (மற்றவர்கள் அதை நினைவில் வைக்கும் நேரத்தை) 300 நொடியாகக் குறையுங்கள். எஸ்பிஎஃப் பதிவிலிருந்து பழைய ஐபியை எடுத்துவிட்டு, மாறி ஒரு வாரம் கழித்துப் பழைய சர்வரின் 25-ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் மூடுங்கள். ஸ்பேம் அனுப்புவோர் பழைய முகவரியை மாதக்கணக்கில் நினைவில் வைத்திருப்பார்கள். கதவு திறந்திருந்தால் புதிய சேவையின் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு, யாரும் பார்க்காத அந்தப் பழைய பெட்டிகளில் மெயில் போய் விழுந்துகொண்டே இருக்கும்.